கண்ணுக்குக் கீழே உள்ள பை: கத்தி வைக்காத லேசர் சிகிச்சையால் போகுமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 48. கோவையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளாக என் இரு கண்களுக்கும் கீழே பை போன்ற வீக்கம் நிலைத்துவிட்டது. காலையில் எழுந்தவுடன் சற்றுக் கூடுதலாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் ஓரளவு வடியும். ஆனால் ஒருபோதும் முழுமையாக மறைவதில்லை. என் தந்தைக்கும் அத்தைக்கும் இதே கண்கள்தாம் என்பதால், பாகம் பிரிக்காமல் வந்த சொத்து என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். “மிஸ், உடம்பு சரியில்லையா?” என்று மாணவிகள் அக்கறையோடு கேட்பதுதான் சங்கடமாக இருக்கிறது.

அண்மையில் ஓர் அழகியல் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சை தேவையில்லை, லேசரிலேயே பை கரைந்துவிடும், மூன்று சிட்டிங் போதும், மதிய இடைவேளையில் வந்து செய்துகொண்டு வேலைக்குத் திரும்பிவிடலாம் என்றார். மூன்றுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். எந்த வகை லேசர் என்று கேட்டதற்கு “லேட்டஸ்ட் மெஷின்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

எனக்கு மாநிறம். கொசு கடித்தால்கூட அந்த இடம் கறுத்துப் பல வாரங்கள் நிற்கும். லேசர் உண்மையிலேயே இந்தப் பையைக் கரைக்குமா, கண்ணுக்கு இவ்வளவு அருகில் அதைச் செய்வது பாதுகாப்பானதா, கறுப்பு விழுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இமையோரம் எழுதியது:

வணக்கம் அம்மா. கண் இமைச் சீரமைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல இயலாது; லேசர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

கண்குழிக்குள் விழியைச் சுற்றி மெத்தை போலக் கொழுப்பு இருக்கிறது. கீழிமைப் பகுதியில் அது மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கும். அதை முன்னே சரியவிடாமல் ஒரு மெல்லிய சவ்வு தாங்கிப் பிடித்திருக்கும். வயதாலும் பரம்பரைக் கூறாலும் அந்தச் சவ்வு தளரும்போது கொழுப்பு முன்னோக்கிப் பிதுங்குகிறது. பெரும்பாலானோருக்குப் பை என்று தெரிவது இதுதான். இதன்மேல் இமைத் தசையும், அதற்கும் மேல் உடலிலேயே மிக மெல்லிய தோல்களுள் ஒன்றான இமைத் தோலும் இருக்கின்றன.

இமைப் பகுதியில் வழக்கமாகப் பயன்படும் லேசர்கள் இரண்டு. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். எர்பியம் யாக் லேசருடையது 2,940 நானோமீட்டர். இவ்விரண்டையும் தோலில் உள்ள நீரே உறிஞ்சிக்கொள்கிறது. அந்த வெப்பத்தால் தோலின் மேற்பகுதி ஆவியாகிறது அல்லது சூடேறிச் சுருங்குகிறது. புண் ஆறும்போது, தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகித் தோல் இறுகுகிறது. தோல் முழுவதையும் சீவாமல், நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, இடையே நல்ல தோலை விட்டுவைக்கும் முறை 2004இல் விவரிக்கப்பட்ட பிறகு புண் ஆறும் காலம் வெகுவாகக் குறைந்தது. ஆனால், எந்த முறையானாலும் அதன் வேலை தோலோடு நின்றுவிடுகிறது. தசைக்கும் சவ்வுக்கும் பின்னால் இருக்கும் கொழுப்பை வெளியிலிருந்து பாய்ச்சும் இந்த ஒளி கரைப்பதில்லை. தோல் இறுகுவதால் இலேசான பை சற்று அடங்கியதுபோலத் தோன்றலாம். நன்கு பிதுங்கிய பைக்கு அந்த அளவு போதாது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். இமை அறுவை சிகிச்சையில் கத்திக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டு கீறுவதும் உண்டு. மெல்லிய இழையைத் தோலுக்கடியில் செலுத்திக் கொழுப்பை உருக்குவதும் உண்டு. இவற்றின் படங்களைக் காட்டிவிட்டு மேலோட்டமான லேசரைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், காட்டப்படும் படத்தில் உள்ளவருக்கு என்ன செய்யப்பட்டது என்று கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சன்னல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியை நேராகப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்களை மட்டும் மேலே உயர்த்திப் பாருங்கள். பை மேலும் புடைத்தால் கொழுப்பின் பங்கு அதிகம் எனலாம். மேலே பார்த்தாலும் மாற்றமின்றி, நாளின் பொழுதுக்கேற்பக் கூடிக் குறைந்தால் நீர்க்கோவையாக, அதாவது நீர் தேங்கிய வீக்கமாக இருக்கலாம். கீழிமைத் தோலை மெல்லக் கிள்ளி விடும்போது அது மெதுவாகத் திரும்பினால் தோல் தளர்ந்திருக்கிறது. லேசருக்கு வேலை இருக்கும் இடம் அதுதான்.

கண் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கீழிமை விளிம்புவரை லேசர் பாய்ச்சுவதாக இருந்தால், வெளியே மாட்டும் கண்ணாடி போதாது. மரப்புச் சொட்டு மருந்து விட்டு, விழியின்மேல் உலோகக் கவசத்தைப் பொருத்த வேண்டும். அந்தக் கவசம் அவர்களிடம் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும். இமை ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு அதிகமாகச் சுட்டால், கீழிமை கீழே இழுபட்டு வெளிப்பக்கம் மடங்கும் ஆபத்தும் உண்டு. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வருபவராக இருந்தாலோ, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மருதாணி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தோல் மருத்துவர் ஒருவரிடம் புள்ளி முறைக் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொண்டவள். கண்ணோரச் சுருக்கங்களுக்காகத்தான் சென்றேன். பையும் போய்விடும் என்ற ஆசையும் இருந்தது. சுருக்கங்கள் நன்றாகவே குறைந்தன. பை அப்படியே இருக்கிறது.

மதிய இடைவேளையில் செய்துகொண்டு வகுப்புக்குத் திரும்பலாம் என்பதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். அன்று மாலைக்குள் கண்கள் வீங்கி இடுங்கிவிட்டன. அதன்பின் கீழிமை முழுவதும் பழுப்பு நிறத்தில் வரிசை வரிசையாக ஊசிமுனைப் பொருக்குகள் தோன்றின. விரலால் தடவினால் உப்புத்தாள் போல உரசும். அவற்றைப் பிய்க்காமல், வாசலினைத் தடவிக்கொண்டு, அவை தாமாக உதிரும்வரை வீட்டிலேயே இருந்தேன். தூசியும் வெயிலும் உள்ள பள்ளிச் சூழலில் அது கடினம்; செய்துகொள்வதானால் விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கோடை விடுமுறையாக இல்லாதிருப்பது நல்லது.

கறுப்பைப் பற்றி நீங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் மாநிறந்தான். பொருக்கு உதிர்ந்து தோல் இளஞ்சிவப்பாக இருந்தது; சில வாரங்களில் அதே இடம் கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோலக் கறுத்தது. மருத்துவர் கொடுத்த களிம்பாலும், மேகமூட்டமான நாளிலும் விடாமல் பூசிய சன்ஸ்கிரீனாலும், குடையாலும் அது மறைந்தது. ஆனால் மாதங்கள் ஆயின. அந்த நாட்களில் பையே தேவலை என்று எனக்குத் தோன்றியது உண்மை.

எட்டாம்மேடை எழுதியது:

இவையெல்லாம் காசு பறிக்கும் வேலை என்பது என் கருத்து. வெள்ளரித் துண்டுகளைக் குளிரவைத்துக் கண்ணின்மேல் வைத்தால் வீக்கம் வடிந்துவிடுகிறது. இதற்கு எதற்கு லேசர்?

கிழக்குச்சாளரம் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். காலையில் வீக்கம் கூடுகிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரியை யாரும் கவனிக்காமல் போய்விடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். படுத்திருக்கும்போது உடலின் நீர் முகத்தில் தங்குவது இயல்பு. இரவில் ஊறுகாயும் அப்பளமும் கூடுதலானால் மறுநாள் காலை அது கண்ணில் தெரிவதும் இயல்பு. ஆனால், என் அண்ணனுக்குக் காலைதோறும் கண்கள் உப்பியிருந்ததை உறக்கக் குறைவு என்றே வீட்டில் எல்லோரும் எண்ணினோம். காலிலும் வீக்கம் தெரிந்த பிறகே மருத்துவரிடம் போனார். சிறுநீரில் புரதம் வெளியேறுவது தெரியவந்து, சிறுநீரக மருத்துவரின் பார்வையில் இப்போது நலமாக இருக்கிறார்.

உங்களுக்கு அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. இருந்தாலும், முன்பணம் கட்டும் முன் சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாட்டை அறிய இரத்தத்தில் கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இவற்றுக்காகும் செலவு ஒரு சிட்டிங் கட்டணத்தின் அருகில்கூட வராது. காலையில் தும்மலும் மூக்கடைப்பும் இருந்தால் ஒவ்வாமையையும் கவனிக்க வேண்டும். அரிப்புக்காகக் கண்ணைக் கசக்கக் கசக்க வீக்கமும் கருவளையமும் கூடும்.

இமையோரம் எழுதியது:

கிழக்குச்சாளரம் சொன்னதை நானே முதலில் சொல்லியிருக்கலாம். அவர் கூறிய வரிசைதான் சரியான வரிசை. அந்தப் பரிசோதனைகளை முடித்த பிறகே மற்றவை.

எட்டாம்மேடை அவர்களுக்கு ஒரு சொல். வெள்ளரியின் குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நீர்க்கோவை சிறிது நேரம் வடிகிறது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் அதையே செய்யும். கொழுப்புப் பையை இரண்டும் தொடுவதில்லை. அதற்காக லேசரையே மோசடி என்று ஒதுக்குவதும் நியாயமாகாது, ஏனெனில் தளர்ந்த, நுண்சுருக்கம் விழுந்த இமைத் தோலுக்கு அது நல்ல சிகிச்சை என்பதை மருதாணி அவர்களின் அனுபவமே காட்டுகிறது. தோல் நிறத்தை ஆறு வகைகளாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நம்மவர் பெரும்பாலோர் 4, 5 ஆகிய வகைகளில் வருவதால், ஆற்றலைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செய்யத் தெரிந்தவர் வேண்டும். கொசுக்கடிக்கே கறுக்கும் தோல் என்றால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. கண்ணாடிச் சோதனையைச் செய்து பார்த்தேன். மேலே பார்க்கும்போது மூக்கின் பக்கமுள்ள பகுதி தெளிவாகப் புடைக்கிறது. தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்பிவிடுகிறது. ஆகவே, அந்த மூன்று சிட்டிங் பேச்சை நிறுத்திவிட்டேன். இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். தோழி ஒருவர் கண்ணுக்குக் கீழே ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். அது இதைவிட எளிதா?

இமையோரம் எழுதியது:

ஃபில்லர் பையை அகற்றுவதில்லை, அம்மா. பைக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை ஹையலுரானிக் அமிலத்தால் நிரப்பி, மேடு தெரியாதபடி சமன் செய்கிறது. பள்ளம் அதிகமாகவும் பை சிறிதாகவும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். அது நீரை ஈர்ப்பதால், காலையில் உப்பும் கண்களுக்கு வீக்கம் கூடவும் வாய்ப்புண்டு. அரிதாக ஊசி மருந்து இரத்தக் குழாயை அடைத்துப் பார்வையே போகக்கூடும் என்பதால், எளிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் பிதுங்கியவர்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி விசாரிப்பது பொருத்தமாக இருக்கும். கீழிமையின் உட்புறச் சவ்வின் வழியாகக் கொழுப்பைக் குறைக்கிறார்கள், அல்லது பள்ளத்துக்கு நகர்த்துகிறார்கள். வெளித்தோலில் கீறல் இல்லாததால் தழும்பும் தெரியாது. அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற கண் மருத்துவமனைகளில் இமை, கண்குழிச் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு உண்டு. போகும்போது உங்கள் பரிசோதனை முடிவுகளையும், பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த முகம் தெளிவாகத் தெரியும் ஒரு புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையேனும் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.