பொம்பெய் இடிபாடுகளைச் சிறு குழுவாகச் சுற்றிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்:

இத்தாலியில் இருக்கிற பொம்பெய்க்குப் போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காத குழுவாகப் பார்த்துச் சேருங்கள். காசு கொஞ்சம் கூடத்தான் ஆகும், ஆனால் அந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதி தரையிலும் முழங்கால் உயரத்திலும் இருக்கிறது, நாற்பது பேர் நிற்கிற கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

எங்கள் வழிகாட்டி தொல்லியல் படித்த ஒரு அம்மா, கழுத்தில் உரிம அட்டை தொங்கியது. கடல் வாசல் வழியாக உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகப் பெரிய சதுக்கத்துக்குத்தான் ஓடுகிறார்கள், தூண்களுக்குப் பின்னால் வெசூவியஸ் எரிமலை தெரியும், படம் எடுக்க நல்ல இடம். இவர் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை, கூட்டம் குறைந்த ஒரு தெருவுக்குள் கூட்டிப் போய் "கீழே பாருங்கள்" என்றார். எரிமலைப் பாறையை வெட்டிப் பாவிய சாலை, அதில் இரண்டு ஆழமான தடங்கள், வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடித் தேய்த்தவை. சாலைக்குக் குறுக்கே உயரமான கற்கள் இடைவெளி விட்டுப் பதித்திருக்கின்றன. அந்த இடைவெளி எதற்கு என்று எங்களையே கேட்டார். எங்களில் ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டு சக்கரம் போக என்று சொன்னான், சரியான பதில். மழைத் தண்ணீரும் கழிவும் சாலையிலேயே ஓடுமாம், மக்கள் அந்தக் கற்கள்மேல் கால் வைத்துத் தெருவைக் கடப்பார்கள், வண்டி கற்களுக்கு நடுவே புகுந்து போகும். நாங்களும் ஒவ்வொருவராக அதே கற்கள்மேல் நடந்து அக்கரைக்குப் போனோம். கி.பி. 79-இல் அந்த எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர் எப்படி இயங்கியது என்பது எனக்கு அங்கேதான் பிடிபட ஆரம்பித்தது.

அப்புறம் தண்ணீர். தெருமுனைகளில் கல் தொட்டிகள், ஊர் முழுக்க 40 அளவில் கண்டெடுத்திருக்கிறார்கள். தண்ணீர் விழும் குழாய்க் கல்லுக்குப் பக்கத்தில் தொட்டியின் விளிம்பு வழவழவென்று குழிந்திருக்கிறது. குடிக்கக் குனிந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கையை ஊன்றியதால் வந்த தேய்மானம். கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தி உட்கார்ந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது, சும்மா சொல்லவில்லை. வெசூவியஸ் வாசலுக்குப் பக்கத்தில், ஊரின் மேட்டுப் பகுதியில், தண்ணீரைப் பிரித்து அனுப்பிய கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து சரிவில் இறங்கும்போது அழுத்தம் கூடிக் குழாய் வெடித்துவிடும் என்பதால் வழியில் ஆங்காங்கே சுமார் 6 மீட்டர் உயரத்தில் தூண் கட்டி மேலே ஈயத்தொட்டி வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கி அழுத்தத்தைத் தணித்திருக்கிறார்கள். நடைபாதை ஓரத்தில் ஈயக்குழாய்கள் சில இடங்களில் இன்றும் வெளியே தெரிகின்றன. நான் தண்ணீர்க் குழாய் வேலையோடு சம்பந்தப்பட்டவன், எனக்கு அந்தத் தூணைவிட்டு நகர மனமில்லை. வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை, மற்றவர்களும் கூடவே நின்று கேள்வி கேட்டார்கள். பெரிய கூட்டத்தில் இது நடக்குமா? எங்களைக் கடந்து ஒரு கூட்டம் போனது, எல்லோர் காதிலும் ஒலிக்கருவி, முன்னால் கொடி பிடித்தவர் ஒரு வளைவு தாண்டிப் போய்விட்டார், பின்னால் வந்தவர்கள் எதைப் பற்றிப் பேச்சு என்று தெரியாமல் சுவரைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருப்பார்கள்.

ரொட்டிக்கடையையும் சொல்ல வேண்டும். உடுக்கை வடிவத்தில் எரிமலைக்கல் திரிகைகள் வரிசையாக நிற்கின்றன, மேலே தானியத்தைக் கொட்டினால் கீழே மாவாக வரும், கழுதையைக் கட்டிச் சுற்ற வைப்பார்கள். பின்னாலேயே அடுப்பு. 1862-இல் ஒரு கடை அடுப்பிலிருந்து கரிந்த ரொட்டிகள் 81 கிடைத்தனவாம், எட்டுத் துண்டாகப் பிய்க்க வசதியாகக் கீறிய வட்ட ரொட்டி. இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை கேட்ட மாதிரி இருந்திருக்கும். அவர் அடுத்ததாக 2023 கடைசியில் அறிவித்த இன்னொரு ரொட்டிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். சின்ன ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி, வெளியே போகத் தனி வாசல் கிடையாது, வீட்டுக்குள் போகத்தான் ஒரு வழி. அடிமைகளையும் கழுதைகளையும் சேர்த்து உள்ளே அடைத்து வைத்து மாவரைக்க விட்ட இடம் அது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கண்ணைக் கட்டிச் சுற்ற விட்ட மிருகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கத் தரையில் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஊரின் ஓவியம், மொசைக் எல்லாவற்றையும் அதற்கப்புறம் வேறு கண்ணோடுதான் பார்த்தேன். பெரிய வீட்டுச் சாப்பாட்டு அறையைக் காட்டினால் சமையல்கட்டு எங்கே, யார் எங்கே படுத்தார்கள் என்று குழுவே கேட்க ஆரம்பித்துவிட்டது.

கடற்கரைக்காரி:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. எங்கள் குழுவில் எட்டு பேர்தான், அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உண்டு. நான் சொல்ல நினைப்பது அந்த மனித வார்ப்புகளைப் பற்றி. பலர் அவற்றைக் கல்லாகிப்போன உடல்கள் என்றே நினைக்கிறார்கள். சாம்பல் இறுகிய பிறகு உள்ளே உடல் மக்கி வெற்றிடம் ஆனது, 1863-இல் ஃபியொரெல்லி என்ற அகழாய்வுத் தலைவர் அந்த வெற்றிடத்தில் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் சுற்றியுள்ள சாம்பலை நீக்கினார். கடைசி நொடியில் கை கால் எப்படி இருந்ததோ அப்படியே வந்துவிட்டது. எலும்பு உள்ளேயே இருக்கிறது, அதனால் அது சிலை இல்லை, ஒரு மனிதர். எங்கள் வழிகாட்டி அந்த இடம் வந்ததும் படம் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எட்டு பேர் என்பதால் எல்லோரும் கேட்டோம்.

பொன் வளையல் வீடு என்று ஒன்று. அங்கே கிடைத்தவர்களில் வளையல் போட்ட பெரியவரும் மடியில் குழந்தையும் தாயும் பிள்ளையும் என்றுதான் பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். 2024-இல் மரபணு ஆய்வு முடிவு வெளியானது. அந்தப் பெரியவர் ஆண், குழந்தைக்கு இரத்த உறவும் இல்லை. எங்கள் வழிகாட்டி பழைய கதையையும் சொல்லி, அது ஏன் தவறு என்பதையும் சொன்னார். வெளியே டிக்கெட் வரிசையில் கையைப் பிடித்து இழுக்கிற ஆட்களில் ஒருவர் அன்று காலையில்கூட அந்தத் தாய் பிள்ளைக் கதையைத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல வழிகாட்டி என்றால் புதிதாக வந்ததைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். யாரென்றே தெரியாத ஒரு குழந்தையை அந்த நேரத்தில் ஒருவர் பக்கத்தில் வைத்திருந்திருக்கலாம் என்பது எனக்கு முன்பு கேட்ட கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

எரிமலை வெடித்த தேதியும் அப்படித்தான். ஆகஸ்ட் 24 என்று படித்திருப்போம். 2018-இல் ஒரு சுவரில் கரியால் கிறுக்கிய எழுத்து கிடைத்தது, அதில் உள்ள தேதி அக்டோபர் 17-க்குச் சமம். கரிக் கிறுக்கல் நாள்பட நிற்காது, எனவே இலையுதிர் காலத்தில்தான் வெடித்திருக்க வேண்டும் என்று பலர் இப்போது கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு எங்களிடமே விட்டுவிட்டார்.

வேப்பமரம்:

அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்தக் கற்களில் நடக்க முடியுமா? கூட்டிப் போகலாமா வேண்டாமா என்று யோசனையாக இருக்கிறது.

கடற்கரைக்காரி:

தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஆம்பிதியேட்டர் பக்க வாசலில் இருந்து சக்கர நாற்காலிக்கும் தோதான ஒரு பாதை போட்டிருக்கிறார்கள், 3 கிலோமீட்டருக்கு மேல் வரும், முக்கியமான பல இடங்கள் அதன்மேலேயே இருக்கின்றன. முன்பதிவு செய்யும்போதே குழுவை நடத்துபவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நிழல் ரொம்பக் குறைவு, கோடையில் வேண்டாம், போனால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தண்ணீர் பிடிக்க உள்ளே குழாய்கள் இருக்கின்றன. நாளுக்கு 20,000 பேர்தான் என்று 2024 நவம்பரில் வரம்பு வைத்துவிட்டார்கள், டிக்கெட்டில் பெயரும் வரும், அதனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

பழைய ஓலை:

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். பொம்பெய் பார்த்த கையோடு நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போங்கள், ஊரில் கிடைத்த நல்ல பொருள்களில் பெரும்பகுதி அங்கேதான். 1938-இல் பொம்பெயில் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது, 25 செ.மீ. அளவு, நம் நாட்டில் செதுக்கியது. லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்று பிற்பாடு சொன்னார்கள். ஆபரணத்தைப் பார்த்தாலே நம் பக்கத்துக் கை என்று தெரியும். அது வடக்கிலிருந்தோ தக்காணத்திலிருந்தோ போயிருக்கலாம், தமிழகத்துப் பொருள் என்று யாரும் தம்பட்டம் அடிக்க வேண்டாம். ஆனால் அந்தக் காலத்து ரோமச் சமையலில் ஏறிய மிளகு நம் மேற்குக் கரையில் இருந்து போனது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் புலவர்களும் பாடி வைத்திருக்கிறார்கள், அரிக்கமேட்டில் அவர்கள் நாட்டுச் சாடிகள் கிடைத்திருக்கின்றன. பொம்பெயின் சாப்பாட்டுக் கடை மேடையில் பதித்த பெரிய மண்சாடிகளைப் பார்த்தபோது என் மனம் முழுக்க இதில்தான் இருந்தது. வழிகாட்டியிடம் சொன்னேன், அவர் குழுவை நிறுத்தி என்னையே எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். ஒரு ஜப்பான்காரர் குறிப்பு எழுதிக்கொண்டார். மனசு நிறைந்துபோனது.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிற்பம் இருக்கும் அறை சில சமயம் பூட்டியிருக்கும், உள்ளே போனதும் எப்போது திறப்பார்கள் என்று ஊழியரிடம் கேட்டுவிட்டு மற்ற மாடிகளைப் பாருங்கள்.