மடல் இழை: 'டூ லெவல் கேம்' – தமிழில் என்ன?

காரைக்குடி ஆசிரியர்:
குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி முதுகலை மாணவர்களுக்கான அரசியல் அறிவியல் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் 1988இல் முன்வைத்த 'டூ லெவல் கேம்' கருத்துக்கு ஒரு சொல் வேண்டும். அண்டை நாட்டோடு பேச உட்காரும் அரசு, அதே நேரத்தில் உள்நாட்டில் கட்சி, மாநிலம், நாடாளுமன்றம் என்று எல்லாரையும் இணங்க வைக்க வேண்டியிருக்கிறது, சங்கதி இதுதான். வகுப்பில், இந்தியாவிலிருந்து வங்கதேசத்துக்குப் பாயும் டீஸ்டா ஆற்றைச் சொல்வேன். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனார், அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி உடன் வர மறுத்தார், தண்ணீர்ப் பங்கீடு கையெழுத்தாகாமல் நின்றது. 'இருநிலை ஆட்டம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தேவகோட்டை ஐயா:
'நிலை' வேண்டாம். நம் பக்கத்தில் நிலை என்றால் வாசல் நிலை, அதுவும் பர்மா தேக்கு. பிள்ளைகளோ திடநிலை, திரவநிலை என்று போவார்கள். தொல்காப்பியர் அகம், புறம் என்று பிரித்துக் கொடுத்திருக்கும்போது நாம் ஏன் அலைய வேண்டும்? 'அகப்புறப் பூசல்' என்று வையுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
அகப்புறம் என்று அகப்பொருள் இலக்கணத்திலேயே வேறொன்று இருக்கிறது ஐயா. கைக்கிளையும் பெருந்திணையும் வந்து வெளியுறவுத் துறையில் உட்காரவா? தவிர, ஔவை தொண்டைமானிடம் தூது போனதும் புறம், அதியமானின் உள்நாட்டு அரசியலும் புறம்தான். நான் சொல்வது 'இருகட்டுப் பேரம்'. வெளியார் வந்து உட்காரும் முகப்பில் பேசி முடித்தாலும், வீட்டார் புழங்கும் இரண்டாம் கட்டில் சம்மதம் இல்லாவிட்டால் காரியம் நிற்காது. செட்டிநாட்டில் இதற்கு விளக்கமே வேண்டாம்.

கானாடுகாத்தான் தம்பி (சென்னையிலிருந்து):
திருநெல்வேலி மாணவனுக்கு வேண்டுமே ஆச்சி! அவனுக்கு 'இருகட்டு' என்றால் இரண்டு கட்டுக் கீரை.

தேவகோட்டை ஐயா:
'பேரம்' தெலுங்கு.

பள்ளத்தூர் ஆச்சி:
தெலுங்கிலும் இருக்கிறது, சரி. சந்தையில் கீரைக்காரியிடம் ஐயா எந்தச் சொல்லை வைத்துப் பேசுகிறார்?

தேவகோட்டை ஐயா:
பேர்தல் என்றால் இடம்விட்டு நகர்தல். பொருள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பேர்வதால் பேரம் என்று ஒரு வழி காட்டலாம். அப்படியானால் ஏற்கலாம். பர்மா என்றதும் நினைவு வருகிறது: 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு, வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார்கள் கையில். விடுதலை பெற்ற கையோடு 1948இல் ரங்கூன் நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது. கடனில் நிலமிழந்த தன் குடியானவனை விட்டுவிட்டு எந்த அரசு அங்கே நின்றிருக்கும்?

காரைக்குடி ஆசிரியர்:
ஐயா, சொல்!

கானாடுகாத்தான் தம்பி:
எல்லாரும் உள்நாட்டை முட்டுக்கட்டையாகவே பார்க்கிறீர்கள். பட்னம் சொன்னதில் பாதி அது. மறுபாதி, 'என் ஊரில் ஒப்ப மாட்டார்கள்' என்பதையே எதிராளியிடம் துருப்புச்சீட்டாக இறக்கலாம் என்பது. ஆகவே 'பூசல்' போதாது, 'பேரம்'தான் வேண்டும். 1974ஐ எடுங்கள். அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஒப்பந்தங்கள்: வங்கதேசத்தோடு எல்லை, இலங்கையோடு கச்சத்தீவு. மேற்கு வங்கத்தின் பெருபாரியில் பாதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் 1960இலேயே உச்ச நீதிமன்றம் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதனால் வங்கதேச எல்லை ஒப்பந்தம் 2015இல் நூறாவது திருத்தம் வரும்வரை காத்துக் கிடந்தது. கச்சத்தீவு விட்டுக்கொடுத்த நிலமே அல்ல, உரிமை முடிவாகாமல் இருந்தது என்பது தில்லியின் வாதம். திருத்தம் இல்லாமலே முடித்தார்கள். உள்நாடு என்ற இரண்டாம் தளத்தைத் தாண்டிப் போனதன் விலை, இன்றும் தேர்தலுக்குத் தேர்தல் ராமேசுவரத்தில் தெரிகிறது. என் வாக்கு 'இருதளப் பேரம்'.

பள்ளத்தூர் ஆச்சி:
தளம் என்றால் இணையதளம், படைத்தளம், தட்டோடு பதித்த தளம். கட்டு மட்டும் குழப்பமாக்கும்!

காரைக்குடி ஆசிரியர்:
அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். 'இருதளப் பேரம்' என்றே போகிறது. ஆச்சியின் சொல் அடிக்குறிப்பில்.

தேவகோட்டை ஐயா:
அடிக்குறிப்பில் அகப்புறத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். உள்நாட்டார் ஏற்கக்கூடிய உடன்பாடுகளின் தொகுப்பைப் பட்னம் 'வின்செட்' என்கிறாரே, அதற்கு என்ன வைத்தீர்கள்?

காரைக்குடி ஆசிரியர்:
'ஏற்பெல்லை'. அதைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

தேவகோட்டை ஐயா:
'ஏற்பு' இங்கே தொழிற்பெயரா, வினைப்பகுதியா?