நடு லண்டனில் கார் நிறுத்தி விட்ட கதைகள்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

வெம்பிளி அக்கா:

அம்மாவை ஒரு கண் டாக்டரிடம் காட்ட நடு லண்டனுக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, புளூ பேட்ஜ் (நடக்க ஏலாத ஆட்களுக்குக் கார் நிறுத்தச் சலுகை தருகிற நீல அட்டை) இருக்கு. எங்கள் பக்கம் அதை வைத்துக்கொண்டு, கார் விடத் தடை என்று ரோட்டோரம் போட்ட மஞ்சள் கோட்டிலும் மூன்று மணித்தியாலம் விடலாம். வந்த நேரத்துக்கு அந்த நீல அட்டைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் முடிந்தது. கிளினிக் வாசலிலேயே ஒற்றை மஞ்சள் கோடு வெறுமையாகக் கிடந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து டெலிவரி வேனில் இருந்த எங்கட பெடியன் ஒருத்தன் கண்ணாடியை இறக்கி, "அக்கா, இந்தப் பக்கம் பேட்ஜ் மஞ்சள் கோட்டுக்குச் செல்லாது, டிக்கெட் ஒட்டிட்டுப் போயிடுவாங்கள்" என்றான்.

வீட்டுக்கு வந்து விலாவாரியாகப் பார்த்தால் அவன் சொன்னது முழுக்கச் சரி. இங்கிலாந்து முழுக்கப் பொதுவான அந்த மூன்று மணி நேரச் சலுகை சிட்டி ஒஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, அப்புறம் காம்டனில் யூஸ்டன் ரோட்டுக்குத் தெற்கே உள்ள பகுதி, இந்த நாலு இடத்திலும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் உள்ளூர் ஆட்களுக்கென்று தனி பேட்ஜ் வைத்திருக்கிறார்கள். சிட்டிக்குச் சிவப்பு, வெஸ்ட்மின்ஸ்டருக்கு வெள்ளை, கென்சிங்டனுக்கு ஊதா, காம்டனுக்குப் பச்சை. முழங்கால் நோவு எல்லா இடத்திலும் ஒன்றுதான், அட்டைக்கு மட்டும் இத்தனை நிறம்!

நீல பேட்ஜ் அங்கே அறவே உதவாது என்றில்லை. பொதுவான டிசேபிள்ட் பே (ஏலாத ஆட்களின் காருக்கென்று கட்டம் போட்டு ஒதுக்கின இடம்) கிடைத்தால் விடலாம். வெஸ்ட்மின்ஸ்டரில் காசு கட்டும் பேயில், கட்டிய நேரத்துக்கு மேல் இன்னும் ஒரு மணித்தியாலம் சும்மா தருகிறார்கள். நான் அன்றைக்கு அம்மாவை வாசலில் இறக்கி விட்டேன். மஞ்சள் கோட்டில் ஆள் இறக்க நிறுத்தலாம், அதற்குத் தடை இல்லை. பிறகு இரண்டு தெரு தள்ளிப் போய்க் காசு கட்டி விட்டேன்.

உங்களுக்கு என்ன நடந்தது? எழுதுங்கோ, வருகிற ஆட்களுக்கு உதவும்.

குரொய்டன்காரன்:

நல்லவேளை அது மஞ்சள் கோடு, அக்கா. சிவப்புக் கோடு என்றால் வேனில் இருந்து யாரும் சொல்லக்கூட நேரம் இருந்திருக்காது. நான் சென்னையில் இருந்து வந்த புதிதில் என் ரூம்மேட் வண்டியில்தான் எல்லா இடமும் சுற்றுவோம். அவன் ஹசார்ட் லைட்டைப் போட்டால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று மனதார நம்பினவன். ஒரு பெரிய ரோட்டில் இரட்டைச் சிவப்புக் கோட்டின் மேல் நிறுத்தி, ஓடிப் போய் இரண்டு பார்சல் பிரியாணி வாங்கி வந்தான். வார்டன் யாரும் வரவில்லை, கண்ணாடியிலும் எதுவும் ஒட்டவில்லை. "பார்த்தியா?" என்று ஒரு சிரிப்பு வேறு. பிறகு தபாலில் கவர் வந்தது. உள்ளே கேமராவில் எடுத்த படம். பிரேக் லைட், ஹசார்ட் லைட், பிரியாணிப் பையோடு அவன் ஓடி வருவது எல்லாம் தெளிவாக இருந்தது.

அந்த ரோடுகளை ரெட் ரூட் என்கிறார்கள். லண்டன் ரோடுகளில் நீளத்துக்கு 5 சதவீதம்தான், ஆனால் 30 சதவீதம் வரை போக்குவரத்து அதில்தான் ஓடுகிறது. கவுன்சில் கணக்கில் வராது, டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் கையில் இருக்கிறது. இரட்டைச் சிவப்பு என்றால் எந்த நேரத்திலும் நிற்கக் கூடாது. ஆளை இறக்கவும் கூடாது. புளூ பேட்ஜ் வைத்திருப்பவரை ஏற்றி இறக்குவதற்கும் லைசென்ஸ் டாக்சிக்கும் மட்டும் விலக்கு உண்டு, ஆனால் அவர்களும் அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது.

நைட் டியூட்டி:

நான் மத்தியிலேயே குடியிருக்கிறேன். எந்தக் கவுன்சில் என்று சொல்லவில்லை, தேவையும் இல்லை. ரெசிடென்ட் பெர்மிட், அதாவது அந்தப் பகுதியில் குடியிருக்கிற ஆட்கள் தெருவில் கார் விடுகிற அனுமதி, இருக்கு. பெர்மிட் இருந்தால் இடம் இருக்கு என்று நினைக்கிற ஆட்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பெர்மிட் என்றால் இடம் தேடுகிற உரிமைதான். டியூட்டி முடிந்து விடிய வந்து தெருத்தெருவாகச் சுற்றுவது எனக்கு வழக்கம்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு கதை. ஒழுங்காக எங்கள் ஸோன் பேயில் காரை விட்டுவிட்டு டொரொண்டோவுக்கு அக்காவின் மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் கார் இல்லை. கார் நின்ற இடத்தில் கம்பத்தில் மஞ்சள் போர்டு கட்டியிருக்கு. "பே சஸ்பெண்டட்", தேதி, வீட்டு நம்பர், எத்தனை மீட்டர், காரணம் "சாமான் ஏற்றி இறக்கல்" என்று எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. களவு போய்விட்டது என்று பொலிசுக்கு அடிக்கத்தான் போனேன். கீழ் வீட்டுக் கிழவர்தான் "முதலில் டிரேஸுக்கு அடி பிள்ளை" என்றார். லண்டனில் இழுத்துக்கொண்டு போன வண்டிகளுக்கு அந்தப் பெயரில் ஒரு சேவை இருக்கு. நம்பர் பிளேட்டைச் சொன்னால் எங்கே இருக்கு என்று பார்த்துச் சொல்லுவார்கள். என்னுடையதை யார்டுக்குக் கொண்டு போகவில்லை. இரண்டு தெரு தள்ளி இழுத்து விட்டு டிக்கெட்டும் ஒட்டியிருந்தார்கள்.

டிக்கெட்டின் தேதி பார்த்தால் 14 நாள் கடந்துவிட்டது. அந்த 14 நாளுக்குள் கட்டினால்தான் பாதி. பாதியும் போச்சு. பிறகு நோட்டீஸ் டு ஓனர், அதாவது கார் சொந்தக்காரருக்குக் கவுன்சில் அனுப்புகிற கடிதம், வந்தது. 28 நாளுக்குள் மறுத்து எழுதலாம். நான் வாதாடவில்லை, இரண்டே கேள்வி கேட்டேன். அந்த போர்டு கம்பத்தில் எந்தத் தேதி கட்டப்பட்டது, கட்டினபோது எடுத்த படம் எங்கே? கூடவே விமான டிக்கெட்டையும் போட்டேன். மறுத்து எழுதினார்கள். போர்டு "உரிய முறையில்" வைக்கப்பட்டதாம், படம் மட்டும் இல்லை. அதே கேள்வியோடு, இப்படியான டிக்கெட் மேல்முறையீடுகளை விசாரிக்கிற லண்டன் டிரிபியூனலுக்குப் போனேன். அதற்குக் காசு இல்லை, ஒன்லைனிலேயே போடலாம். விசாரணைக்கு முன்னாலேயே கவுன்சில் நாங்கள் எதிர்க்கவில்லை என்று எழுதிவிட்டது.

இவ்வளவு நீளமாக எழுதினதற்குக் காரணம், மறுப்புக் கடிதம் வந்ததும் என்னோடு வேலை செய்கிற எல்லாரும் "கட்டிவிடு, கவுன்சிலோடு மல்லுக்கட்ட ஏலாது" என்றுதான் சொன்னார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால்தான் சார்ஜ் சர்டிஃபிகேட் என்கிற கடிதம் வந்து தண்டம் 50 சதவீதம் ஏறும். பதில் எழுதிக்கொண்டிருக்கும்வரை ஏறாது.

ஹரோ தம்பி:

நைட் டியூட்டி அக்கா, அந்த டிரேஸ் விஷயம் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். நன்றி.

என்னுடையது சின்னது. ஃபிட்ஸ்ரோவியாவில், பிடி டவர் நிற்கிற கிளீவ்லண்ட் தெருப் பக்கம் போகிறவர்கள் கவனியுங்கள். காம்டனுக்கும் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் எல்லை அந்தத் தெருவோடுதான் ஓடுகிறது. ஒரு பக்கம் ஒரு கவுன்சில், எதிர்ப்பக்கம் இன்னொன்று. நான் காரில் இருந்தபடியே எதிர்த்த போர்டில் இருந்த லொக்கேஷன் நம்பரை (அந்த இடத்துக்கான எண்) காசு கட்டுகிற ஆப்பில் அடிக்கப் போனேன். ஆப் காட்டிய கவுன்சில் பெயரும் என் பக்கத்துப் போர்டில் இருந்த பெயரும் வேறு வேறு. கட்டாமல் இறங்கிப் போய் என் பேயின் போர்டைத் தேடிப் பிடித்தேன், மரக்கிளைக்குப் பின்னால் இருந்தது. எதிர்ப்பக்கத்துக்குக் கட்டியிருந்தால் காசும் போயிருக்கும், டிக்கெட்டும் வந்திருக்கும்.

லண்டனுக்கு அண்மையில் வந்த ஒருவர்:

ஒற்றை மஞ்சள் கோடு இருக்கு, பக்கத்தில் நேரம் எழுதின தகடு எதுவும் இல்லை. அப்போ விடலாமா?

ஈஸ்ட் ஹாம் அண்ணை:

விடாதையும் தம்பி. கன்ட்ரோல்ட் ஸோன், அதாவது கார் விட நேரக் கட்டுப்பாடு உள்ள பகுதி, அதற்குள் நுழைகிற வாயிலிலேயே நேரம் எழுதின பெரிய போர்டு நிற்கும். அதைத் தாண்டி வந்துவிட்டால் உள்ளே ஒவ்வொரு ஒற்றைக் கோட்டுக்கும் தனித் தகடு வைக்கத் தேவையில்லை. கேர்ப் கல்லையும் (நடைபாதை ஓரக் கல்) பாரும். அதில் குறுக்கே ஒரு மஞ்சள் கீறு இருந்தால் குறிப்பிட்ட நேரத்தில் சாமான் இறக்கத் தடை, இரண்டு கீறு என்றால் எப்போதுமே தடை. அதோடு, இரண்டு சில்லை நடைபாதையில் ஏற்றி விடுகிற பழக்கம் இருந்தால் அதையும் மறந்துவிடும். லண்டனில் அது 1974 முதலே தடை.

நான் 80களில் வந்தனான். அப்போது மீட்டருக்குச் சில்லறை சேர்ப்பதே பெரும்பாடு. நாட்டின் முதல் மீட்டரையே 1958இல் மேஃபேரில் குரோவ்னர் ஸ்குவேர் பக்கம்தான் நட்டார்களாம். இப்போது சில்லறை கேட்பார் இல்லை, எல்லாம் ஆப். அதிலும் ஒரு தில்லுமுல்லு நடக்கிறது: மெஷினில், போர்டில் எவனாவது கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிடுகிறான். ஸ்கேன் பண்ணினால் அச்சு அசலாக ஒரு பக்கம் திறந்து கார்டு நம்பர் கேட்கும். என் மருமகன் காசு கட்டப் போன மெஷினில் அப்படி ஒன்று. நகத்தால் சுரண்டினான், முழுதாக உரிந்து வந்தது. ஆப்பை முதலே ஃபோனில் இறக்கி, லொக்கேஷன் நம்பரைக் கையால் அடியுங்கோ.

குரொய்டன்காரன்:

அண்ணே, பத்து நிமிஷ கிரேஸ் பற்றியும் சொல்லுங்கள். எல்லாரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள்.

ஈஸ்ட் ஹாம் அண்ணை:

காசு கட்டின நேரமோ, சும்மா அனுமதித்த நேரமோ முடிந்த பிறகு பத்து நிமிடத்துக்கு டிக்கெட் போடக் கூடாது. 2015 முதல் இங்கிலாந்தில் சட்டம். கவுன்சில் பே, கவுன்சில் கார் பார்க் இரண்டுக்கும் உண்டு. மஞ்சள் கோட்டுக்குக் கிடையாது, அங்கே வார்டன் பார்த்த நேரம்தான் நேரம். நடு லண்டனில் பெரிய டிக்கெட் 2025 ஏப்ரலில் இருந்து 160 பவுண், அதனால் பத்து நிமிடத்தையும் கடைசி வரை இழுக்காமல் வருவதுதான் என் வழக்கம்.

வெம்பிளி அக்கா:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவை அடுத்த மாதம் திரும்பக் காட்ட வேண்டும். நடு லண்டனுக்குள் கார் ஓட்டக் கட்டுகிற கன்ஜெஷன் சார்ஜுக்குப் புளூ பேட்ஜில் விலக்கு இருக்கு, ஆனால் முன்னமே பதிய வேண்டுமாம், பத்து பவுண் கட்டணம். இன்றைக்கே பதிகிறேன். யாராவது சிட்டிப் பக்கம் டிசேபிள்ட் பேயில் விட்டிருந்தால் எந்தத் தெருவில் இடம் கிடைத்தது என்று எழுதுங்கோ.