டாலரைப் பிடித்து நிறுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலையா?

பாலாற்றங்கரை:
2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியதும் "ரிசர்வ் வங்கி தூங்குதா"ன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளுக்கு இது வரவுதானே? ஒரு லட்சம் டாலர் பில்லுக்கு 85-இல் 85 லட்சம், 90-இல் 90 லட்சம். போகிற போக்கில் விட்டுடலாமே.

தோல்கணக்கு:
அந்த 5 லட்சம் முழுசா கைக்கு வராதுங்க. வெட் புளூ (பாதி பதனிட்ட தோல்), பதனிடும் கெமிக்கல், சோல் எல்லாம் சேர்த்து பில்லில் 40 சதவீதம் டாலர் செலவுன்னு வைங்க, மிஞ்சுவது 3 லட்சம். முன்னாடியே 86-க்கு ஃபார்வர்டு (பின்னால் வரும் டாலரை முன்கூட்டியே பேசிய விலைக்கு விற்கும் ஒப்பந்தம்) போட்டவருக்கு அதுவும் இல்லை. மிச்சத்தை அடுத்த ஆர்டரில் வாங்குறவர் விலையைக் குறைத்துப் பிடுங்கிடுவார். தவிர, ரிசர்வ் வங்கி எந்த விலைக்கும் காவல் நிற்கவில்லை, கையிலிருக்கும் டாலரை விற்று ஆட்டத்தின் வேகத்தைத்தான் குறைக்கிறது. கோட் பண்ணிய பிறகு சரக்கு ஏற இரண்டு மாசம் ஆகும் தொழிலுக்கு அந்த வேகம்தான் எமன்.

பாலாற்றங்கரை:
அதுக்கு யார் விலை கொடுக்கிறது? ரிசர்வ் வங்கி 100 கோடி டாலரை 90-க்கு விற்றால், வாங்கும் வங்கிகள் கட்டும் 9,000 கோடி ரூபாய் புழக்கத்தை விட்டே போயிடும். பணம் இறுகும், டெபாசிட்டுக்கு அடிபிடி. ரெப்போவை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியை, குறைத்தும் குடியாத்தம் தறிக்காரருக்குக் கடன் வட்டி இறங்கலைன்னா காரணம் இதுதான்.

கோட்டைவாசல்:
பாதிதான் சரி சார். உறிஞ்சியதைத் திருப்பி விடவும் வழி இருக்கு. 2025 ஜனவரிக் கடைசியில் 500 கோடி டாலர், பிப்ரவரிக் கடைசியில் 1,000 கோடி டாலர், வாங்கி-விற்கும் ஸ்வாப் நடந்தது. டாலரை வாங்கிக்கொண்டு ரூபாயை விடுவது, தவணை முடிந்ததும் திருப்புவது. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் சிஆர்ஆர் (டெபாசிட்டில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்கும் பங்கு) நாலு தவணையில் 4-லிருந்து 3 சதவீதத்துக்கு வந்தது.

வட்டி இறங்காததுக்குச் சாங்ஷன் லெட்டரை (வங்கியின் கடன் அனுமதிக் கடிதம்) பாருங்க. 2025-இல் ரெப்போ 6.50-லிருந்து 5.25 ஆனது. 50 லட்சம் கேஷ் கிரெடிட்டை (தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துக் கட்டும் கடன்) முழுசா எடுத்தவருக்கு வருஷத்துக்கு 62,500 ரூபாய் மிச்சம், ஆனால் கடன் ரெப்போவோடு கட்டியிருந்தால்தான். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் குறு, சிறு தொழிலுக்குத் தரும் புது மாறும்வட்டிக் கடனை ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடுதான் கட்டணும், மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது வட்டியை ரீசெட் பண்ணணும். பழைய எம்சிஎல்ஆர் (வங்கி தன் சொந்தச் செலவை வைத்துப் போடும் வட்டி) கடன் பெரும்பாலும் வருஷம் ஒருமுறைதான் மாறும். பைனான்ஸ் கம்பெனிக்கு இந்த விதியே கிடையாது.

பாலாற்றங்கரை:
லெட்டர் விஷயம் ஒப்புக்கிறேன். ஆனால் பணக்கொள்கைக்குச் சட்டம் வைத்த இலக்கு விலைவாசி: 4 சதவீதம், மேலே கீழே 2. தொடர்ந்து மூன்று காலாண்டு 6-ஐத் தாண்டியதால் 2022-இல் அரசுக்கு விளக்கக் கடிதம் போச்சு. ரூபாய் சரிந்தால் யாருக்கு எந்தக் கடிதம்?

தோல்கணக்கு:
கச்சா எண்ணெயும் பாமாயிலும் டாலரில்தான் வருது. ரூபாய் சரிந்தால் கொல்லைவாசல் வழியா அதே 4 சதவீதத்துக்குள்ள வந்து நிற்கும். டாலரில் விற்று டாலரிலேயே வாங்குறவர் ரிசர்வ் வங்கியை நம்பாமல் இஇஎஃப்சி கணக்கில் (ஏற்றுமதி வரவை டாலராகவே வைக்கும் வங்கிக் கணக்கு) வரவை வைத்து இறக்குமதி பில்லைக் கட்டலாம். இந்த மாச வரவை அடுத்த மாசக் கடைசிக்குள் பயன்படுத்தணும், இல்லைன்னா ரூபாயாக மாற்றியே ஆகணும்.

பாலாற்றங்கரை:
அதுவும் ரிசர்வ் வங்கி போட்ட விதிதானே!