எச்டிஆர் போட்டால் படம் இருட்டாகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, போன மாதம் 43 அங்குல 4கே டிவி வாங்கினோம். செய்தி, பழைய படங்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. ஓடிடியில் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் முறை), அதில் ஒரு வகையான டால்பி விஷன் என்ற அடையாளத்தோடு வரும் தொடர்களில் மட்டும் இரவுக் காட்சி வந்தால் ஆள் எது, சுவர் எது என்றே தெரியவில்லை. நேற்று ஒரு காட்சியில் கதாநாயகியைவிட எங்கள் வீட்டு டியூப்லைட்டின் பிம்பம்தான் தெளிவாகத் தெரிந்தது. "இதற்கா கூடுதல் சந்தா கட்டுகிறாய்?" என்கிறார் அம்மா.

எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தை வைத்துத் தயாரிக்கிறார்கள். எங்கள் டிவி 300ஐத் தாண்டாது. எச்டிஆர்10 என்ற இன்னொரு வகை, படம் முழுவதற்கும் ஒரே வெளிச்சக் குறிப்பைத் தருகிறது, டால்பி விஷன் காட்சிக்குக் காட்சி தருகிறது. எனக்கென்னவோ இரண்டுமே இருட்டுதான்.

மின்சேமிப்பு வசதியை அணைத்தேன், கொஞ்சம் தேறியது. எச்டிஆரை மட்டும் நிறுத்திவிட்டு 4கேயில் பார்க்க முடியுமா? அமைப்புகளில் 'டைனமிக் டோன் மேப்பிங்' (காட்சிக்கு ஏற்ப டிவியே வெளிச்சத்தைச் சரிசெய்வது) என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தொடலாமா? சரிசெய்தவர்கள் சொல்லுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடு என்ற யோசனை மட்டும் வேண்டாம். அப்பா அங்கேதான் பேப்பர் படிப்பார்.