ஆவரசம்பூ மா பூசி முகம் எரியுது: பிழை எங்கே?

வெள்ளவத்தைப் பேத்தி:
ஊரில் அம்மம்மா காய்ந்த ஆவரசம்பூவைப் பயற்றோடு இடித்து, எங்களுக்குத் தேய்த்து முழுக வார்ப்பா. அந்த மணம் நினைவு வந்து, போன கிழமை புறக்கோட்டை கேபோஸ் லேனில் 100 கிராம் வாங்கினேன். பையில் ரணவரா என்று சிங்களப் பெயர்தான் எழுதியிருந்தது. மிக்சியில் அடித்து, தேசிக்காய்ப் புளி விட்டுக் குழைத்து, முகத்தில் அரை மணித்தியாலம் வைத்திருந்தேன். இறுகிப் போய்ச் சிரிக்கவே முடியவில்லை. கழுவிவிட்டு வெயிலில் பஸ்ஸுக்கு நின்றேன். இரவு இரண்டு கன்னமும் சிவந்து எரிச்சல். பூ கூடாததா?

கொட்டாஞ்சேனை அக்கா:
பூவை விடுங்கோ தங்கச்சி, தேசிக்காயைப் பிடியுங்கோ! புளி பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் போடும், கறுத்த அடையாளமும் விழும். எனக்கு ஒருமுறை கையில் விழுந்தது, போக மாதக்கணக்காச்சு.

ஆவரசும் லேசுப்பட்டதில்லை, நல்ல துவர்ப்பு. அதன் பட்டையைப் போட்டுத்தான் அந்தக் காலத்தில் மாட்டுத்தோலே பதனிட்டார்கள். முகத்தில் காய விட்டால் இழுக்காமல் என்ன செய்யும்? நான் ஒரு கரண்டி பூ மாவுக்கு இரண்டு கரண்டி பயத்தம் மா போட்டு, தயிரில் குழைப்பேன். ஈரம் இருக்கும்போதே, பத்து நிமிசத்தில் கழுவிவிடுவேன். அதோடு மாவைச் சீலையில் அரியுங்கோ. மிக்சி மாவில் காம்புத் துண்டு நிற்கும், முகத்தைக் கீறும். எரிவு ஆறும் வரைக்கும் ஒன்றும் பூசாதேங்கோ, கொப்புளம் வந்தால் டொக்டரிடம் காட்டுங்கோ.

மன்னார் மாமா:
அக்கா சொன்னது சரி. ஆனால் பூவையும் ஒருக்கால் பார் பிள்ளை. கையில் அள்ளி மணந்து பார், பூஞ்சண மணம் அடித்தால் கொட்டிவிடு. எங்கள் பக்கம் ரோட்டோரப் பற்றையில் பிடுங்கி, நிழலில் பாயில் போட்டால் காய்ந்துவிடும். கொழும்பு ஈரத்தில் அது நடக்காது. வெசாக் நேரம் இங்கே மரத்தில் சரம் சரமாகத் தொங்குவது கொன்றை, அதை ஆவரசென்று பிடுங்கி வராதே. ஆவரசு செடி, காய் தட்டை. கொன்றைக்குக் குழல் மாதிரி நீட்டுக் காய்.

வெள்ளவத்தைப் பேத்தி:
மணம் நல்லாத்தான் இருக்கு மாமா. மிச்சத்தை அம்மா தேத்தண்ணி போடக் கேட்கிறா, சீனி வருத்தத்துக்காம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
குளிசை போடுகிறவவென்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கோ. இரண்டும் சேர்ந்து சீனி கூடக் குறைந்தால் தலை சுற்றும்.

வெள்ளவத்தைப் பேத்தி:
கேட்கிறேன். அம்மம்மா தேசிக்காய் விடவே இல்லையாம், அம்மா இப்போதுதான் சொல்கிறா. அது நான் யூடியூபில் பார்த்தது.