மறு: வாமிட்டரி: 'உமிழ்வாயில்' பொருந்துமா?

வணக்கம். விளையாட்டரங்கில் பார்வையாளர் இருக்கைகளுக்கு வந்துபோகும் திறப்பான 'வாமிட்டரி'க்கு (vomitory) தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியது:

> இலத்தீன் வேருக்குப் பொருள் உமிழ்வது. 'உமிழ்வாயில்' நேர்ப்பொருள், கேட்கவும் நன்றாக இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ரோமானியர் விருந்துக்கு நடுவே வாந்தியெடுத்த அறை என்னும் கட்டுக்கதையை நீங்கள் இழுக்காததும் ஆறுதல். ஆனால் 'உமிழ்வாயில்' என்றதும் வெளியேறும் வழிதான் மனதில் வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் இச்சொல்லுக்குத் தந்த விளக்கமோ, மக்கள் திரளாக உள்ளே வந்து இருக்கைகளில் கொட்டுவதைப் பற்றியது!

பொருளை நேரில் பார்ப்போம். கால்பந்து அரங்கில் இருக்கை வரிசைகளுக்கு அடியிலுள்ள கூடத்திலிருந்து மங்கலான கான்கிரீட் வழியில் நாலு படி ஏறுகிறோம்; சட்டென்று பச்சைத் தரை விரிகிறது. அந்தத் திறப்புதான் வாமிட்டரி. ஆட்டத்துக்கு முன் உள்ளே விடும், முடிந்ததும் வெளியே விடும்.

என் பரிந்துரை: மடைவாய்.

கூட்டம் மடை திறந்தாற்போல் வந்தது என்று நாம் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? பொறியாளர் கணக்கும் அதுவே. பிரிட்டனின் அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி சமதள வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் என்று கொள்கிறது. எல்லோரும் 8 நிமிடத்துக்குள் வெளியேறியாக வேண்டும். வழியின் அகலம் அதிலிருந்து வருகிறது.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம்: மடையை அடைக்கலாம். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலுள்ள ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கு. வெளியே நெரிசல் முற்றியதால் பெரிய வாயிற்கதவைத் திறந்தார்கள். நேரெதிரே இருந்த சுரங்கவழி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிகளுக்குள் (நின்று பார்ப்பதற்கான, வேலியிட்ட பகுதிகள்) கூட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. சுரங்கவழியின் வாயை அடைத்து ஆட்களை அந்தப் பக்கம் திருப்ப யாரும் உத்தரவிடவில்லை. இறந்தவர்கள் 97 பேர். எல்லோருக்கும் இருக்கை என்ற விதி இந்தத் துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கைக்குப் பின் வந்தது. இன்றைய அரங்க வடிவமைப்பே அதன் பிள்ளை என்பேன். உமிழும் வாயை மூடுவது பற்றி யாருக்கும் தோன்றாது. மடை என்றாலே அடைப்பும் கூடவே வருகிறது.

'ஆடுதளத்தின் தண்ணீர் வடியும் வழி என்று நினைத்துவிடுவார்களே' என்ற மறுப்பு வரும். அதற்கு 'வடிகால்' என்ற சொல் இருக்கிறது. "தெற்கு மேடை, 4ஆம் மடைவாய்" என்று நுழைவுச்சீட்டில் அச்சிட்டுப் பாருங்கள், குழப்பமில்லை.

இருக்கைகளுக்கு அடியிலுள்ள அந்தக் கூடம், 'காங்கோர்ஸ்' (concourse), இன்னும் பாக்கி. 'சுற்றுக்கூடம்' எனக்கு ஒட்டவில்லை, எல்லா அரங்கிலும் அது சுற்றி வருவதில்லை. வேறு யாரிடமாவது சொல் உண்டா?